செல்லுக்கும் மூப்பு உண்டு: போன வருடம் சொன்னதற்கு ஒரு திருத்தம்

போன வருடம் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில், பட்டிமன்ற நடுவர் வரவேண்டிய ரயில் தாமதமாகிவிட்டது. இடையில் கிடைத்த 20 நிமிடத்தை நிரப்ப, "வாத்தியாரே, ஏதாவது உபயோகமா பேசுங்க" என்று செயலாளர் என்னை மேடையேற்றிவிட்டார். மும்பையில் ஒரு கல்லூரியில் 31 வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மைக்கைக் கையில் கொடுத்தால் விடுவேனா? செல்களின் முதுமையைப் பற்றிப் பேசினேன். வயதாக ஆக நம் உடம்பில், பிரிந்து பெருகுவதை நிறுத்திவிட்ட செல்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. அவை சாவதும் இல்லை, பழைய வேலையைப் பார்ப்பதும் இல்லை. பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களையும் கெடுக்கின்றன. அவற்றை நீக்கினால் கிழட்டு எலிகள்கூடத் தெம்பாகின்றன என்றெல்லாம் சொல்லி, "சுருக்கமாச் சொன்னா, அது உடம்புக்குள்ள சேர்ற குப்பை" என்று முடித்தேன். நல்ல கைதட்டல் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். நம் சங்கத்தில் அண்ணாச்சி என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. ரயில்வே ஒர்க்ஷாப்பில் 36 வருடம் ஃபிட்டராக உழைத்தவர். வயது 74. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் வீடு. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மஞ்சள் பையிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"வாத்தியாரே, நீங்க சொன்ன குப்பையை அள்ளுததுக்கு மாத்திரை வந்துட்டாம்லா. பேரன் போன்ல காட்டினான். பென்ஷன்ல பாதி போச்சு. போனா போவுது, முட்டு சரியானா போதும்."

டப்பாவை எடுத்துப் படித்தேன். உள்ளே இருந்தது க்வெர்செட்டின். வெங்காயத்திலும் ஆப்பிளிலும் இயற்கையாகவே உள்ள ஒரு பொருள். விளம்பரம் பெரிய எழுத்தில் இளமையைப் பற்றிப் பேசியது. ஓரத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற சட்டப்படியான வாசகம் இருந்தது. அண்ணாச்சிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டரைக் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. "இது இருக்கும்போது அது எதுக்கு" என்று பிசியோதெரபிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாராம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மேடையில் கைதட்டலுக்காகச் சொன்ன ஒரு வார்த்தை இவ்வளவு தூரம் போயிருக்கிறது. குப்பை என்று நான் சொன்னது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி ஒரு மனிதர் தன் பென்ஷனையும் செலவழித்து, நடந்துகொண்டிருந்த நல்ல சிகிச்சையையும் விட்டுவிட்டார். மீதிப் பாதியைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

அழியாத கோழி இதயம்

கதை 1912இல் தொடங்குகிறது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் இருந்த அலெக்ஸிஸ் காரல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், கோழிக் கருவின் இதயத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க ஆரம்பித்தார். அதே வருடம் நோபல் பரிசும் பெற்றவர் அவர். அந்தச் செல்கள் வருடக்கணக்கில் பெருகிக்கொண்டே இருந்ததாக அறிவிக்கப்பட்டது. காரல் 1944இல் இறந்துபோனார். செல்களோ 1946இல் ஆய்வகத்தார் தாமாக நிறுத்தும்வரை உயிரோடு இருந்தன. ஆகவே, தனியாக எடுத்து வளர்த்தால் செல்லுக்குச் சாவே இல்லை, முதுமை என்பது உடம்பு முழுமைக்கும் வரும் கோளாறுதான் என்று அறிவியல் உலகம் அரை நூற்றாண்டு நம்பியது. நான் மாணவனாக இருந்தபோது படித்த பழைய பாடப்புத்தகத்தில்கூட இந்தக் கோழி இதயம் இருந்தது.

இந்த நம்பிக்கையை உடைத்தவர் லெனர்ட் ஹேஃப்லிக். பிலடெல்ஃபியாவில் விஸ்டார் நிலையத்தில் வேலை பார்த்தவர். இவரும் பால் மூர்ஹெட் என்பவரும் மனிதக் கருவிலிருந்து எடுத்த செல்களை வளர்த்தபோது, அவை ஏறத்தாழ 50 முறை இரட்டிப்பான பிறகு நின்றுபோனதைக் கண்டார்கள். முதலில் எல்லோரும் நினைத்தது, குடுவையில் ஏதோ அழுக்கு, ஊட்டம் போதவில்லை என்றுதான். அதைச் சோதிக்க ஹேஃப்லிக் ஓர் எளிய வழி கண்டுபிடித்தார். பலமுறை பிரிந்து வயதான ஆண் செல்களையும், சில முறையே பிரிந்த இளம் பெண் செல்களையும் ஒரே குடுவையில் கலந்து வைத்தார். ஊட்டம் ஒன்று, கண்ணாடி ஒன்று, காற்று ஒன்று. சில காலம் கழித்துப் பார்த்தால் குடுவையில் பெண் செல்கள் மட்டுமே இருந்தன. அழுக்கு காரணம் என்றால் இரண்டும் அல்லவா நின்றிருக்க வேண்டும்? கணக்கு செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பது தெளிவாயிற்று. செல்களைப் பாதியில் உறைய வைத்து, பிறகு எடுத்து வளர்த்தாலும், விட்ட எண்ணிலிருந்தே அவை கணக்கைத் தொடர்ந்தன.

1961இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. காரலின் கோழிச் செல்கள் எப்படிப் பிழைத்தன? ஊட்டமாக ஊற்றிய கருச்சாற்றோடு புதுச் செல்களும் அவ்வப்போது உள்ளே போயிருக்கலாம் என்பது ஹேஃப்லிக் சொன்ன விளக்கம். இன்று அந்த 50 என்ற எல்லையை ஹேஃப்லிக் எல்லை என்றே அழைக்கிறோம். ஹேஃப்லிக் 2024இல், 96ஆவது வயதில் காலமானார்.

பூச்சரமும் நார் நுனியும்

செல் எப்படி எண்ணுகிறது? அதற்கு விரலும் கிடையாது, நோட்டும் கிடையாது. விடை குரோமோசோம்களின் நுனியில் இருக்கிறது.

மாட்டுங்கா மார்க்கெட்டில் பூத்தொடுக்கும் அம்மாவைக் கவனித்திருப்பீர்கள். சரத்தின் இரு முனையிலும் பூ இல்லாமல் கொஞ்சம் நாரை விட்டுத்தான் தொடுப்பார். அந்த மிச்சம் இல்லையென்றால் முடிச்சு நிற்காது. முதல் பூவும் கடைசிப் பூவும் உதிர்ந்துவிடும். குரோமோசோமும் அப்படித்தான். நடுவில் மரபணுக்கள் என்ற பூக்கள். இரு முனையிலும் டெலோமியர் என்ற வெறும் நார். மனிதரில் அந்த நாரில், டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற ஆறெழுத்துத் துணுக்கு திரும்பத் திரும்ப ஆயிரக்கணக்கான எழுத்துகள் நீளத்துக்கு வருகிறது.

செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் டி.என்.ஏ.வை நகல் எடுக்க வேண்டும். நகலெடுக்கும் இயந்திரத்தால் கடைக்கோடி வரை எட்ட முடிவதில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் நுனி சற்றுக் குறைகிறது. நார் மிகவும் குட்டையானதும் செல் அதை உடைந்துபோன டி.என்.ஏ. என்று எடுத்துக்கொண்டு, "இனிமேல் பிரிய வேண்டாம்" என்று நிறுத்திக்கொள்கிறது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 1971இலேயே ரஷ்ய விஞ்ஞானி அலெக்ஸி ஒலொவ்னிகோவ் ஊகித்தார். டெலோமியரின் அமைப்பையும், அதை மறுபடி நீட்டித் தரும் டெலோமரேஸ் என்ற நொதியையும் கண்டறிந்ததற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் எல்லாச் செல்லிலும் அந்த நொதியை ஓடவிட்டால் என்ன, முதுமையே வராதே என்று வகுப்பில் யாராவது ஒரு மாணவி கட்டாயம் கேட்பாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லும்போதுதான் குப்பை என்ற என் வார்த்தை எவ்வளவு தவறு என்பது புரியும். புற்றுநோய்க் கட்டிகளில் 100க்கு 85க்கும் மேற்பட்டவை செய்வது அதையேதான். டெலோமரேஸை உயிர்ப்பித்துக்கொண்டு, எல்லையே இல்லாமல் பெருகுகின்றன.

அங்க அடையாளம்

நாம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய காலத்தில் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அங்க அடையாளம் என்று இரண்டு மச்சங்களை எழுதுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இடது தாடைக்குக் கீழ் ஒன்று, வலது முழங்கையில் ஒன்று. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் இரண்டும் அதே அளவில் அப்படியே இருக்கின்றன. அது ஏன் என்று யாரும் யோசிப்பதில்லை.

மச்சம் என்பது நிறமிச் செல்களின் ஒரு கூட்டம். பல மச்சங்களில் பி-ராஃப் என்ற மரபணுவில் ஒரு கோளாறு காணப்படுகிறது. மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோயிலும் அதே கோளாறு அடிக்கடி காணப்படுவதுதான் இதில் கவனிக்க வேண்டியது. "பெருகு, பெருகு" என்று ஓயாமல் கட்டளையிடும் கோளாறு அது. செல் கொஞ்ச தூரம் கேட்டுப் பெருகுகிறது. பிறகு உள்ளேயிருக்கும் காவல் அமைப்பு விழித்துக்கொண்டு பிரேக் போட்டுவிடுகிறது. 2005இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் மனித மச்சங்களை ஆராய்ந்தபோது, அவற்றின் செல்களில் மூப்பு நிலையின் அடையாளங்களைக் கண்டார்கள். அதாவது புற்றுநோயாகப் புறப்பட்ட பயணம் பாதி வழியில் நிறுத்தப்பட்டு, அங்க அடையாளமாக நின்றுவிட்டது.

இந்த பிரேக்கைப் போடுபவை முக்கியமாக பி-53, பி-16 என்ற இரண்டு புரதங்கள். 1997இலேயே ஆய்வகத்தில் இதற்கு ஆதாரம் கிடைத்திருந்தது. ராஸ் என்ற புற்றுநோய் மரபணுவைச் சாதாரண செல்லுக்குள் செலுத்தினால், அது வெறிபிடித்துப் பெருகுவதற்குப் பதிலாக மூப்படைந்து நின்றுவிட்டது. டெலோமியர் குட்டையாவது மட்டும் காரணமல்ல. கதிர்வீச்சு, வெயிலின் புற ஊதாக் கதிர், புகையிலைப் புகை, சில புற்றுநோய் மருந்துகள் என டி.என்.ஏ.வைக் காயப்படுத்தும் எதுவும் செல்லை இந்த நிலைக்குத் தள்ளலாம். காயம்பட்ட செல் பெருகினால் ஆபத்து. ஆகவே அது தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறது. இது குப்பை செய்யும் காரியமா? காவலாளி செய்யும் காரியம்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யாதவர்

பின் ஏன் அதைக் கெட்டது என்கிறார்கள்? நம்மில் பலர் ரயில்வே, தபால்துறை, மத்திய அரசு குவார்ட்டர்ஸ்களில் வாழ்ந்தவர்கள். ஓய்வு பெற்றவர் குறித்த காலத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவருக்கு இடமில்லை. மூப்படைந்த செல் வேலையை விட்டதே தவிர வீட்டைக் காலி செய்யவில்லை. சாதாரணமாகச் சேதமான செல் தன்னையே அழித்துக்கொள்ளும். இதுவோ சாவை எதிர்த்து நிற்கும் தன்மையைப் பெற்றுவிடுகிறது. உருவத்திலும் பெருத்துத் தட்டையாகிவிடுகிறது.

சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. 2008இல் அமெரிக்காவில் ஜூடித் காம்பிசி என்பவரின் குழுவினர், இந்தச் செல்கள் அழற்சியைத் தூண்டும் பல பொருள்களைச் சுற்றுப்புறத்தில் ஓயாமல் கொட்டுகின்றன என்று விரிவாகக் காட்டினார்கள். இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 போன்றவை அவற்றுள் அடங்கும். கூடவே திசுக்களைக் கட்டிவைக்கும் புரத இழைகளை அரிக்கும் நொதிகளும் வெளிவருகின்றன. இதனால் பக்கத்துச் செல்களும் மூப்படையலாம். அடிபட்ட இடம் சிவந்து வீங்குவது சில நாள் விஷயம். இதுவோ வெளியில் தெரியாமல் வருடக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி. இதய நோய், சர்க்கரை நோய், மூட்டுத் தேய்மானம் முதலிய பலவற்றோடு இதற்குத் தொடர்பு காணப்படுகிறது. காவலாளியாக வந்தவரே, நீண்டநாள் தங்கினால், புற்றுநோய் வளரத் தோதான சூழலையும் உண்டாக்கிவிடலாம் என்பது இதிலுள்ள பெரிய முரண்.

கூப்பாடு எதற்கு?

இப்போது மீதிப் பாதிக்கு வருகிறேன். அந்தச் செல் கொட்டும் பொருள்களுக்கு ஒரு நோக்கம் உண்டு. "நான் கெட்டுப்போய்விட்டேன், வந்து என்னை அப்புறப்படுத்துங்கள்" என்று நோய் எதிர்ப்புச் செல்களைக் கூப்பிடும் அழைப்பு அது. இளம் வயதில் அவை உடனே வந்து காரியத்தை முடித்துவிடுகின்றன. அழைத்தவரும் போய்விடுகிறார், இடமும் சுத்தமாகிறது.

2008இல் எலிகளின் கல்லீரலில் நடந்த ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. கல்லீரல் காயப்படும்போது சில செல்கள் பெருகித் தழும்புத் திசுவை உண்டாக்குகின்றன. ஓர் அளவுக்குப் பிறகு அவை மூப்படைந்து நின்றுவிடுகின்றன. எதிர்ப்புச் செல்கள் வந்து அவற்றை அகற்றுகின்றன. இந்த மூப்பு இல்லாமல் செய்யப்பட்ட எலிகளில் தழும்பு அளவுக்கு மீறி வளர்ந்தது.

2013இல் வந்த செய்தி இன்னும் வியப்பானது. கருவில் கை கால்கள் உருவாகும் சமயத்தில்கூட, குறிப்பிட்ட சில இடங்களில் குறிப்பிட்ட நேரத்தில் மூப்படைந்த செல்கள் தோன்றி, வடிவம் அமைய உதவிவிட்டு மறைந்துபோவதை இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் மூப்பு! 2014இல் காம்பிசியின் குழு எலிகளின் தோல் காயங்களைப் பார்த்தது. காயம்பட்ட சில நாட்களுக்குள் அங்கே மூப்படைந்த செல்கள் தோன்றி, ஆறுவதற்கு வேண்டிய ஒரு பொருளைச் சுரந்தன. அவற்றை நீக்கிவிட்டால் காயம் ஆறத் தாமதமாயிற்று.

எனவே வந்து போனால் அவர் உதவிக்கு வந்தவர். வந்து தங்கினால்தான் தொல்லை. வயதாக ஆக மூன்று விஷயங்கள் சேர்ந்து கெடுக்கின்றன. சேதம் கூடுவதால் இத்தகைய செல்கள் அதிகம் உண்டாகின்றன. அகற்ற வேண்டிய எதிர்ப்புச் சக்தி தளர்கிறது. தங்கியவை மற்றவற்றையும் கெடுக்கின்றன. முனிசிபாலிட்டி வண்டி வாரக்கணக்கில் வராத தெரு மாதிரி.

எலிகள் சொன்ன சேதி

போன வருடம் மேடையில் நான் சொன்ன எலிக் கதைகள் பொய்யல்ல. 2011இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யான் வான் டூர்சன் குழுவினர், சீக்கிரம் முதுமையடையும் ஒருவகை எலிகளை எடுத்து, ஒரு மருந்து கொடுத்தால் பி-16 உள்ள செல்கள் மட்டும் சாகும்படி மரபணுவை மாற்றினார்கள். கண்புரையும் தசைத் தளர்ச்சியும் தாமதப்பட்டன. 2016இல் சாதாரண எலிகளிலும் ஒரு வயதிலிருந்து இதைச் செய்தபோது அவற்றின் நடுத்தர ஆயுள் சுமார் 25 சதவீதம் கூடியது. 2018இல் அதே மேயோ கிளினிக்கைச் சேர்ந்த இன்னொரு குழு தலைகீழாகச் செய்து பார்த்தது. இளம் எலிகளுக்குள் மூப்படைந்த செல்களைச் செலுத்தினார்கள். நடை வேகமும் பிடிப்பு வலிமையும் குறைந்தன. 7,000 முதல் 15,000 செல்களுக்கு ஒன்று என்ற அளவே போதுமாக இருந்தது.

இத்தகைய செல்களைக் கொல்லும் மருந்துகளுக்குச் செனோலிடிக் என்று பெயர். 2015இல் முதலில் அறிவிக்கப்பட்டது இரண்டு மருந்துகளின் கூட்டு. ஒன்று டாசாடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து, மற்றொன்று க்வெர்செட்டின். அண்ணாச்சியின் டப்பாவில் இருந்தது இந்தக் கூட்டில் பாதி மட்டுமே. மறுபாதியான டாசாடினிப், ரத்தத் தட்டுகளைக் குறைக்கும், ரத்தக்கசிவை உண்டாக்கும், நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கச் செய்யும். டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டியது. விளம்பரக்காரர் எலிக்கு நடந்த நன்மையைப் பூராவும் சொல்லிவிட்டு, டப்பாவில் பாதியை அடைத்து விற்கிறார்.

மனிதரிடம் வந்தபோது

மனிதர்களில் என்ன நடந்தது? 2019இல் நுரையீரல் தழும்பு நோய் உள்ள 14 பேருக்கு இந்த இரு மருந்துகளையும் மூன்று வாரம் விட்டுவிட்டுக் கொடுத்தார்கள். நடக்கும் தூரம் சற்றுக் கூடியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு அதில் இல்லை. மருந்து கொடுக்கிறார்கள் என்ற நம்பிக்கையே மனிதரைக் கொஞ்சம் வேகமாக நடக்க வைக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

அண்ணாச்சிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது 2020இல் வந்த முடிவு. முழங்கால் தேய்மானம் உள்ள 183 பேரிடம் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் செனோலிடிக் மருந்து மூட்டுக்குள் ஊசியாகச் சோதிக்கப்பட்டது. 12 வாரம் கழித்து, மருந்து ஊசி போட்டவர்களுக்கும் வெற்று ஊசி போட்டவர்களுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. எலி முழங்காலில் நன்றாக வேலை செய்த மருந்துதான் அது. 2024இல் மாதவிடாய் நின்ற 60 பெண்களுக்கு, எலும்புத் தேய்மானத்துக்காக டாசாடினிப்பும் க்வெர்செட்டினும் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. எலும்பு கரைவது குறையுமா என்பதே அதன் முதன்மைக் கேள்வி. குறையவில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் 2020இல் எலிகளிடமிருந்தே வந்தது. கல்லீரலின் ரத்தக் குழாய்களில் உள்ள சில பி-16 செல்களை அடியோடு நீக்கியபோது, அந்த இடத்தைப் புதுச் செல்கள் நிரப்பவில்லை. தழும்புதான் உண்டாயிற்று, எலிகளின் உடல்நலம் கெட்டது. ஓட்டை விழுந்த பானையை அடைத்துக்கொண்டிருந்த பழந்துணியைக் குப்பை என்று பிடுங்கினால் என்ன ஆகுமோ அதுதான்.

இதனால் இந்த ஆராய்ச்சி வீண் என்று நான் சொல்லவில்லை. எந்தச் செல்லை எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும், யாருக்கு, எப்போது என்று பிரித்தறியும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு நாள் நல்ல மருந்து வரலாம். ஆனால் கடையில் வாங்கி நாமாகச் சாப்பிடும் கட்டத்துக்கு அது வரவில்லை.

அப்போ நாம என்னதான் செய்யறது?

அண்ணாச்சி கேட்டதும் இதைத்தான். செல் மூப்படையும் வேகத்தைக் கூட்டும் காரணங்களில் சில நம் கையில் இருக்கின்றன. 2009இல் அமெரிக்காவில் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் செல்களைப் பரிசோதித்தபோது, பி-16இன் அளவு வயதோடு கூடியது. அதோடு, புகை பிடிப்பவர்களிடமும் உடற்பயிற்சி இல்லாதவர்களிடமும் அது அதிகமாக இருந்தது. 2021இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், முதியவர்கள் 12 வாரம் முறையாக உடற்பயிற்சி செய்தபின் ரத்தத்தில் செல் மூப்பின் அடையாளங்கள் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நடைக்கு வேறு நூறு நன்மை உண்டு, செலவும் இல்லை.

முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும், எடையைக் குறைப்பதும் பலன் தரும் என்பது பல ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்ட விஷயம். அதைத்தான் அண்ணாச்சி நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

மறுநாளே அவரை அழைத்துக்கொண்டு அவருடைய இதய டாக்டரிடம் போனேன். டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோடு இதெல்லாம் வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்றார். திரும்பி வரும் வழியில் நான் சொன்னேன்: "அண்ணாச்சி, தப்பு என் மேலதான். மேடையில அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது." அவர் சிரித்துக்கொண்டே, "விடுங்க வாத்தியாரே, நீங்க குப்பைன்னு மட்டுந்தான் சொன்னீய. வாங்கச் சொன்னது என் முட்டுவலில்லா" என்றார். அவர் பெருந்தன்மை அது. என் பொறுப்பு அதனால் குறைந்துவிடாது.

இப்படி ஒரு விளம்பரம் உங்கள் போனில் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இது எலியிலா, மனிதரிலா? மனிதரில் என்றால், மருந்து பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? நான் இப்போது சாப்பிடும் மாத்திரைகளோடு இது ஒத்துப்போகுமா? முதல் இரண்டுக்கும் விளம்பரத்தில் பதில் இருக்காது. மூன்றாவதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு இத்தகைய டப்பாக்களை இங்கிருந்து வாங்கி அனுப்பும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். அன்போடுதான் அனுப்புகிறீர்கள். ஆனால் அவர்கள் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறதா?

அண்ணாச்சி மறுபடி பிசியோதெரபிக்குப் போகிறார். வலி முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பாதி உண்மையாகிவிடும். மழைக்காலத்தில் இன்னும் கஷ்டப்படுகிறார். ஆனால் முன்பு மூன்று மாடிக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியவர், இப்போது நடுவில் ஒரே தடவை நின்று ஏறிவிடுகிறார். பிரிக்காத டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தோம், கம்பெனி வாங்கிக்கொள்ளவில்லை.

இந்த வருட விழாவிலும் நடுவரின் ரயில் தாமதமானால் நான் பேசத் தயார். இந்தத் தடவை எந்த வார்த்தையையும் யோசித்துத்தான் சொல்வேன்.